எட்டாம் நாள் எண்ணிக்கை

மொந்தேவீதேயோவில் இன்றிரவு பம்பேரோ அடிக்கிறது.
தென்மேற்கிலிருந்து மழையை இழுத்துவரும் காற்று.
மூன்றாம் மாடி ஜன்னலை
வட்டி கேட்க வந்தவன்போல் உலுக்குகிறது.
உள்ளே நானும்
உப்புநீர்க் குழாயில் நாலாயிரம் புழுக்களும்
இன்னும் சாப்பிடவில்லை.
நான் மறந்துபோனேன்.
அவற்றுக்கு நான் கொடுக்கவில்லை.

முட்டைகளை ப்ளீச்சில் கழுவி
வெறும் உப்புநீரில் பொரிக்கவிட்டது சென்ற செவ்வாய்.
கால் மில்லிமீட்டர் உடம்பு,
ஐந்நூற்றைம்பத்தெட்டு செல்கள்.
பிறந்ததும் வாய் திறந்து
ஒன்றுமில்லாததை விழுங்கிப் பார்த்துவிட்டு
அப்படியே நின்றுவிட்டன.
சாகவில்லை.
வளரவும் இல்லை.

ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு செல்கள்,
என்றோ ஒருநாள் முட்டையும் விந்துமாக வேண்டியவை.
இருட்டில் அடையாளம் தெரியப்
பச்சையாய் ஒளிரும்படி செய்திருக்கிறோம்.
முதல் நாள் இரண்டு.
மூன்றாம் நாள் இரண்டு.
ஏழாம் நாள், என் கண் பூத்த பிறகும்,
இரண்டு.

அவற்றை இரண்டாகவே பிடித்து வைத்திருக்கும் மரபணுவின் பெயர்
டாஃப்-பதினெட்டு.
பேருந்துக்கு எண் கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறார்கள்.
நமக்குள்ளும் உண்டு அதன் உறவு, பீட்டென்.
அது பழுதான மார்பில், கருப்பையில்
கட்டி எழலாம்.
புழுவில் அதற்குப் பல வேலை.
நான் பார்ப்பது ஒன்றைத்தான்:
அடுப்பு எரியாத வீட்டில்
இன்னொரு தட்டு வைக்காதே என்பது.

அது இல்லாத புழுக்கள் பக்கத்துக் குழாயில்.
அங்கே இரண்டு மூன்றாகும், நான்காகும்,
வரவில்லாத வீட்டில் விருந்துக்கு ஆள் அழைத்ததுபோல.
எதைத் தின்று பெருகின?
உடம்பிலிருந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பை.
முதலில் விறைத்துக் கிடப்பதும் அவைதான்.

இன்று எட்டாம் நாள்.
பழுதில்லாத குழாயிலிருந்து ஒரு துளி.
நான்கு.
கண்ணைக் கசக்கினேன்.
அடுத்ததில் ஆறு.
நாற்பது புழுக்களில் முப்பத்தொன்று
சொன்ன சொல் மீறியிருந்தன.

பதினொரு மணிக்கு சுல்மா எத்சேகராயை எழுப்பினேன்.
மரபணு தோற்றுவிட்டது என்றேன்.
இரண்டு வருட உழைப்பு என்றேன்.
அழுதேனா என்று நினைவில்லை.
அவள் கேட்டது ஒன்றே:
"குழாய் கலங்கியிருக்கிறதா?"

விளக்கில் தூக்கிப் பிடித்தேன்.
அரிசி களைந்த மூன்றாம் தண்ணீர்போல்
ஒரு மங்கல்.
பாக்டீரியா.
நேற்று என் கையில்தான் அழுக்கு.

"கொட்டிவிடு" என்று வைத்துவிட்டாள்.

கொட்டவில்லை, உடனே.
எனக்குத் தெரியுமுன் அதற்குத் தெரிந்திருக்கிறது
சோறு வந்த செய்தி.
ஏழு நாள் மறித்து நின்ற கை
ஒரு நொடி வீம்பு பிடிக்காமல்
விலகியிருக்கிறது.
நானாக இருந்தால்
இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று
ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

கீழே காவலர் உபால்தோ
அறைக்குள் மின்அடுப்பில் எண்ணெய் காய்ச்சுகிறார்.
மழை வந்தால் இந்த ஊர்
தோர்த்தா ஃப்ரீத்தா பொரிக்காமல் தூங்காது.
காகிதத்தில் சுற்றி இரண்டு கொடுத்தார்.
படிக்கட்டிலேயே தின்று முடித்தேன்.
நாக்கு சுட்டது.

கையை இருமுறை கழுவிக்கொண்டு
மூன்றாம் குழாய்க்கு வந்தேன்.
டாஃப்-பதினெட்டு இழந்த புழுக்கள்,
அந்த இடத்தில் மனித மரபணு வைத்தவை.
எந்த மனிதனுடையதோ.
தண்ணீர் தெளிவு.
இரண்டு. இரண்டு. ஒன்றில் மட்டும் மூன்று.
பிறகு மறுபடி இரண்டு.

காற்று இன்னும் ஓயவில்லை.
எண்ணெய்ப் பிசுக்குள்ள பக்கத்தில் எழுதினேன்:
எட்டாம் நாள். முதல் குழாய் பாழ்.
காரணம்: சாப்பாடு.